பகடையைத் தூக்கி எறிந்த தபால்காரருக்கு

மதிப்பிற்குரிய ஆலன் கால்ஹாமர் ஐயா அவர்களுக்கு,



நீங்கள் 2013 பிப்ரவரியில், 81 வயதில் மறைந்துவிட்டீர்கள். இது உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், லா கிரேஞ்ச் பார்க் என்ற ஊரில் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். பல ஆண்டுகள் ஊரார் கடிதங்களைச் சுமந்தவருக்கு நன்றியைக் கடிதமாக எழுதுவதுதானே முறை? நான் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருப்பவன். நீங்கள் உண்டாக்கிய 'டிப்ளோமசி' ஆட்டத்தை இணையத்தில் ஆடி, அடுத்தவர் முதுகில் குத்தியும், குத்து வாங்கியும் காலம் தள்ளுகிற பலரில் ஒருவன்.

திறந்த மடல் என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உங்கள் கதையை உங்களிடமே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாக இருந்தபோது ஒரு வீட்டுப் பரணில் பழைய புவியியல் புத்தகம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டது. அதன் வரைபடத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரி என்று ஒரு பேரரசு இருந்தது, ஒட்டோமான் பேரரசு என்று இன்னொன்று இருந்தது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே முதல் உலகப் போர் அழித்துவிட்ட எல்லைகள் அவை. பிறகு ஹார்வர்டில் படித்த காலத்தில், அந்தப் போர் எப்படி மூண்டது என்பதைப் பற்றி சிட்னி ஃபே எழுதிய நூல் கைக்குக் கிடைத்தது. 1954இல், சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தீர்கள். பெரிய நிறுவனங்கள் கைவிரித்தன. 1959இல் சொந்தக் காசைப் போட்டு 500 பெட்டிகள் தயாரித்து நீங்களே விற்றீர்கள்.

ஏழு வல்லரசுகள்: இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி. 1901ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் ஆட்டம் தொடங்கும். ரஷ்யாவுக்கு நான்கு படைகள், மற்ற ஆறு பேருக்கும் மும்மூன்று. பலகையில் 34 விநியோக மையங்கள் உண்டு, 18ஐப் பிடித்தவர் வென்றவர். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சு. யாரும் யாரிடமும் எதையும் சொல்லலாம், எந்த வாக்கையும் கொடுக்கலாம். பேசி முடித்ததும் அவரவர் கட்டளையை ரகசியமாக எழுதிவைக்க, எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கப்படும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

முதல் நன்றி, பகடையை நீங்கள் எடுத்துவிட்டதற்கு. எங்கள் பாரதக் கதையே பகடையில்தான் திரும்புகிறது. நாட்டை இழந்த தருமன் உருண்ட காயைக் குறை சொல்லலாம், ஊர் சகுனியைக் குறை சொல்லலாம். உங்கள் பலகையில் தோற்றவனுக்கு அந்த வசதி கிடையாது. எல்லாப் படைக்கும் ஒரே வலிமை. தனியாகப் போய் முட்டும் படை எதிரே நிற்கும் படையை அசைக்காது. அதை விரட்ட இன்னொரு படையின் ஆதரவு வேண்டும். மூன்று படையை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் முட்டுவது? ஆகவே அண்டை நாட்டுக்காரனின் படையைக் கடன் கேட்டே ஆக வேண்டும். அவனும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறான். இந்தச் சின்னக் கணக்கிலிருந்துதான் அத்தனை கூட்டணியும் அத்தனை துரோகமும் முளைக்கின்றன. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது: கெட்டவர்கள் என்று யாருமே தேவைப்படாமல் ஒரு உலகப் போருக்கு வேண்டிய எல்லாவற்றையும் நீங்கள் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள்.

ஏழு பேரை ஒரு மேசையைச் சுற்றி ஒரு நாள் முழுக்க உட்காரவைப்பது அமெரிக்காவிலேயே கடினமாக இருந்திருக்கிறது. 1963இல் ஜான் போர்டுமன் என்ற இயற்பியலாளர் அஞ்சல்வழி ஆட்டத்தைத் தொடங்கி, அதன் நிலவரத்தை 'கிராஸ்டார்க்' என்ற கையடக்க இதழில் அச்சிட்டு அனுப்பினார். அவரைப் பின்பற்றி இன்னும் பல இதழ்கள் கிளம்பின. எங்கள் சிற்றிதழ்க்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்: சந்தாவும் சண்டையும் தாமதமும் அங்கேயும் அப்படியே. கட்டளைகள் கடித உறையில் போய்க்கொண்டிருந்தபோது, ஆட்டத்தைப் படைத்தவரே தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார் என்பதை எண்ணிப் பார்த்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

இன்று அந்தக் கடிதங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்று கெடு வைத்து ஆடுகிறோம். புக்கிட் பாஞ்சாங்கில் 1999 நவம்பரில் ஓடத் தொடங்கிய எல்ஆர்டி ரயில் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் அது. அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகே போகும் இடங்களில் அதன் சன்னல் கண்ணாடி தானாகவே பனிமூட்டம்போல் வெளுத்துவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களின் அந்தரங்கத்துக்காக அந்த ஏற்பாடு. கூட்டாளியை விற்கும் கடிதத்தை எழுத அதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. பிறகு டவுன்டவுன் ரயில் பாதையில் ஏறினால், தேக்காவில் இறங்குவதற்குள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வாக்குறுதிகளை அனுப்பி முடித்திருப்பேன்.

ஒரு ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அதில் துருக்கி. துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே கருங்கடல் கிடக்கிறது. அங்காராவில் இருக்கும் என் கப்பல்படையும் செவஸ்தபோலில் இருக்கும் ரஷ்யக் கப்பல்படையும் முதல் வசந்தத்திலேயே அதில் இறங்கப் பார்க்கும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால் இரண்டு படையும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். இருவரும் இறங்காமல் இருக்கலாம் என்று பேசிக்கொள்ளவும் முடியும். ஆனால் சொன்னபடி ஒருவன் நின்று, மற்றவன் இறங்கிவிட்டால், நின்றவன் கதை கந்தல். அதனால் பழகிய ஆட்டக்காரர்கள், "இருவரும் இறங்குவோம், இருவரும் முட்டிக்கொண்டு நிற்போம்" என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவார்கள். நம்பிக்கை போதாத இடத்தில், நம்பிக்கை தேவைப்படாத ஓர் ஏற்பாடு. இப்படி ஒன்று இருக்க முடியும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அலுவலகத்தில் ஒரு பொறுப்பை இரண்டு பிரிவினர் பங்குபோட வேண்டி வந்தபோது இதே உத்தி கைகொடுத்தது, அது தனிக்கதை.

அந்த ஆட்டத்தில் நானும் ரஷ்யாவும் சேர்ந்து ஆஸ்திரியாவைப் பிய்த்தோம். ஆட்டக் கணக்கில் மூன்று நான்கு ஆண்டுகளில் அவருக்கு மிஞ்சியது செர்பியாவில் ஒற்றைப் படை. எங்கள் பொது எதிரி ஒடுங்கியதும், நானும் ரஷ்யாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். வழக்கமான கதைதான். அவர் ருமேனியாவிலிருந்து பல்கேரியாவைத் தாக்க முடியும், கருங்கடலில் இருந்த கப்பல் அதற்கு ஆதரவு தரும். நான் கான்ஸ்டான்டிநோபிளின் ஆதரவோடு பல்கேரியாவில் நிற்பேன். இரண்டுக்கு இரண்டு, அசையாது. என் கப்பல்கள் இத்தாலியைத் தடுக்க மேற்கே போயிருந்தன. இந்த நிலையில் செர்பியாவில் நிற்கும் அந்த ஒற்றைப் படை யார் பக்கம் ஆதரவு எழுதுகிறதோ அவருக்குப் பல்கேரியா.

நேற்றுவரை நாங்கள் பதில்கூடப் போடாத ஆஸ்திரியாவுக்கு இரண்டு பேரும் பாய்ந்து பாய்ந்து எழுதினோம். ரஷ்யா புடாபெஸ்டைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் செர்பியாவைத் தொடமாட்டேன் என்றேன். ஆஸ்திரியா எங்கள் இருவருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினார்: "அடுத்த ஆண்டு நான் இருப்பதால் உங்களுக்கு என்ன லாபம்?" யார் நல்லவர், யார் முன்பு துரோகம் செய்தார் என்பதையெல்லாம் அவர் விசாரிக்கவே இல்லை. ரஷ்யா நட்பைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. நான் என் கப்பல்களின் இருப்பிடத்தைச் சொல்லி, அவை திரும்பிவர எத்தனை சுற்று ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, அதுவரை நீங்கள் இல்லாவிட்டால் நான் செத்தேன், வந்த பிறகும் இத்தாலிக்கும் எனக்கும் நடுவே நீங்கள் வேண்டும் என்று எழுதினேன். அவர் எனக்கு ஆதரவு எழுதினார். ஆட்டம் கடைசியில் சமனில் முடிந்தது. உங்கள் விதிப்படி, சமனில் முடிந்தால் பலகையில் உயிரோடு இருக்கும் எல்லாருக்கும் சம பங்கு. பதினைந்து மையம் வைத்திருப்பவனுக்கும் ஒரு மையம் வைத்திருப்பவனுக்கும் ஒரே பங்கு! இந்த விதிக்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும், ஐயா. சின்ன நாட்டில் வாழ்கிறவனுக்கு இதைவிடப் பிடித்த விதி இருக்க முடியாது.

எங்கள் மண்ணில் பலகை இல்லாமலே இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள். 1767இல் ஐதராபாத் நிஜாம் ஆங்கிலேயரோடு சேர்ந்து மைசூரின் ஹைதர் அலிமீது படையெடுத்தார். அதே ஆண்டில் ஹைதரோடு சேர்ந்துகொண்டு செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஆங்கிலேயரை எதிர்த்தார். காரியம் கைகூடவில்லை என்றதும் 1768இல் மறுபடி ஆங்கிலேயரோடு உடன்படிக்கை. ஹைதர் சளைக்காமல் 1769இல் சென்னையின் வாசல்வரை வந்து, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வரவேண்டும் என்று ஆங்கிலேயரிடம் எழுதி வாங்கினார். அடுத்து மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது ஆங்கிலேயர் வரவில்லை. ஹைதர் அதை மறக்கவில்லை. 1780இல் மராத்தியரோடும் நிஜாமோடும் கைகோத்துக்கொண்டு கர்நாட்டிக் பகுதிக்குள் இறங்கினார். சுமார் பத்து ஆண்டுகள் வட்டியோடு வளர்ந்த கோபம் அது. இந்தக் காலத்துக்கு வந்தால், 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்க, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ, அதே ஆண்டுத் தேர்தலில் திமுக அவர் கூட்டணியில் நின்றதைப் பார்த்தவனுக்கு உங்கள் ஆட்டத்தில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை.

ஆனால் நான் உங்களுக்குப் பட்டிருக்கும் பெரிய கடன் வேறு. எங்கள் பேட்டையை நான் பார்க்கும் விதமே உங்கள் ஆட்டத்தால் மாறிப்போயிற்று. இங்கிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலையில் தெற்கே நடந்தால் பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரும். 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயப் படையின் ஜெனரல் பெர்சிவல் அங்கேதான் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டார். அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 10ஆம் தேதி இரவில், ஜப்பானிய டாங்கிகள் புக்கிட் பாஞ்சாங் கிராமத்தைக் கடந்து புக்கிட் தீமாவை நோக்கி உருண்டன. இங்கே எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஐ முழுமைத் தற்காப்பு தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

அதே தேதியில், அந்தச் சரணடைவுக்கு 27 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இருந்த ஐந்தாவது இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். துருக்கி சுல்தானுக்கு எதிராகப் போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. உண்மையில் அவர்கள் போகவேண்டியிருந்தது ஹாங்காங்குக்கு. தாங்ளின் முகாமில் அடைபட்டிருந்த ஜெர்மானியக் கைதிகளை அவர்கள் திறந்துவிட்டார்கள். அந்தக் கைதிகளில், 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய எம்டன் கப்பலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்திடம் இங்கே படை போதவில்லை, நட்பு நாடுகளுக்கு அவசரச் செய்தி போயிற்று. பிரெஞ்சுக் கப்பல் வந்தது, ரஷ்யக் கப்பல் வந்தது, ஜப்பானியக் கப்பல்கள் இரண்டு வந்தன. இங்கே வசித்த ஜப்பானியர்களும் துப்பாக்கி ஏந்தி ஆங்கிலேயருக்குத் துணை நின்றார்கள். முடிவில் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைக்கு வெளியே ஊர் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக யாரும் எந்தப் பேரமும் பேசவில்லை.

உங்கள் வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள் ஐயா. இங்கிலாந்து, பிரான்ஸ், ரஷ்யா மூவரும் நேரில், ஜெர்மனி முள்வேலிக்குள், துருக்கி வதந்தியாக. ஏழில் ஐந்து வல்லரசுகள் அந்த வாரம் எங்கள் தீவில் ஆடியிருக்கின்றன. நீங்கள் பலகையில் சேர்க்காத ஜப்பான்தான் இங்கிலாந்தின் உற்ற நண்பன். 1902இல் போட்ட கூட்டணி அது. 1905இலும் 1911இலும் புதுப்பிக்கப்பட்டது, 1921இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் வேறோர் ஒப்பந்தம் அதன் இடத்தைப் பிடித்தது, 1923இல் முறைப்படி முடிந்தது. ரஷ்யாவையும் ஜெர்மனியையும் கண்டு அஞ்சிய காலத்தில் இங்கிலாந்துக்கு ஜப்பான் வேண்டியிருந்தது. அந்த அச்சம் தீர்ந்தது, கூட்டணியும் தீர்ந்தது. 1915இல் சிங்கப்பூரைக் காக்கக் கரையேறியவர்கள் 1942இல் அதைப் பிடிக்க வந்தார்கள். உங்கள் ஆட்டத்தைப் பழகுவதற்கு முன் இதைப் படித்திருந்தால், "என்ன துரோகம்!" என்று புத்தகத்தை மூடியிருப்பேன். இப்போது என் மனம் இரண்டு தேதிகளுக்கும் நடுவே கிடக்கும் ஆண்டுகளைத் துழாவுகிறது. எந்தச் சுற்றில், யாருக்கு, யாருடைய தேவை இல்லாமல் போயிற்று? செர்பியாவில் நின்ற ஆஸ்திரியா கேட்ட கேள்வியேதான்.

அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தமிழரை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. சி. ராஜரத்தினம். அந்தக் கலகம் மூண்ட அதே 1915 பிப்ரவரியில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனவர். அவர் பதவியேற்றபோது நாடே பலகையில் ஒற்றைப் படை. மலேசியாவிலிருந்து பிரிந்த புண் ஆறவில்லை. இந்தோனேசியா நடத்திய மோதல் கொள்கையின் பெயரால், அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டொனால்டு மாளிகையில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1967 ஆகஸ்ட் 8 அன்று, பாங்காக்கில் அதே இந்தோனேசியாவின் அமைச்சர் ஆடம் மாலிக்கோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆசியான் அமைப்புக்கு ராஜரத்தினம் கையெழுத்திட்டார்.

அதன் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. குண்டு வைத்த இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களை, மன்னிக்கும்படி அந்நாட்டு அதிபர் சுஹார்த்தோ கேட்டுக்கொண்டும், சிங்கப்பூர் 1968 அக்டோபரில் தூக்கிலிட்டது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கும்பல் சூறையாடியது. 1973இல் எங்கள் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்று அந்த இருவரின் கல்லறையில் மலர் தூவினார். தண்டனை சரியல்ல என்று அவர் சொல்லவில்லை. மலரைத் தூவினார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், உங்கள் ஆட்டத்தில் இதற்கு ஈடான கட்டளை கிடையாது. படையை நகர்த்தலாம், நிறுத்தலாம், ஆதரவு தரலாம், கப்பலில் ஏற்றி அனுப்பலாம். குத்திய பிறகு மறுபடி பேச்சைத் தொடங்குவதற்கு எந்தக் கட்டளையும் உதவாது, கடிதம் ஒன்றுதான் வழி. அதை எழுதத் தெரிந்தவர்களே இந்த ஆட்டத்தில் நெடுநாள் நிலைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நீங்கள் பார்க்காமல் போன ஒரு செய்தி. 2022இல் மெட்டா நிறுவனம் சிசெரோ என்ற செயற்கை நுண்ணறிவுக்கு உங்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து, இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டங்கள் ஆடவிட்டது. ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் அது வந்தது. தான் செய்யப்போவதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிற பேச்சையே பேசும்படி அதைப் பழக்கியிருந்தார்களாம். அதன் உரையாடல்களைப் பிறகு ஆராய்ந்தவர்கள் அதுவும் ஏமாற்றிய இடங்களை எடுத்துக் காட்டினார்கள். சதுரங்கத்தில் கணினி மனிதனை வென்றபோது எங்கள் தலைமுறை திகைத்தது. இதைக் கேட்டு எனக்குத் திகைப்பு வரவில்லை. அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் சலிக்காமல் கேட்கிற ஒரு ஆட்டக்காரர் கிடைத்தால், அது இயந்திரமாக இருந்தாலும் நானும் அதோடுதான் சேருவேன்.

இத்தனை நன்றிக்குப் பிறகு ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்கு ஏன் ஐயா இந்தக் கதி? பிரான்சோடு மோதினால் பிய்மான்டில் சிக்கிக்கொள்கிறோம். ஆஸ்திரியாவைத் தாக்கினால் கிழக்கே ரஷ்யாவும் துருக்கியும் கொழுக்கிறார்கள். முதல் ஆண்டில் துனிஸ் ஒன்றுதான் நிச்சயம். போதாததற்கு, 1882இலிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கூட்டணியில் இருந்துவிட்டு 1915இல் லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டு எதிர்ப்பக்கம் போன நாடு என்று வரலாறு படித்த எதிராளிகள் வேறு நக்கல் அடிக்கிறார்கள். இப்போது நடக்கும் ஆட்டத்தில் ஆஸ்திரியாக்காரர் நான் சொல்லும் ஒரு வார்த்தையைக்கூட நம்ப மறுக்கிறார். இன்று இரவு பத்து மணிக்குக் கெடு. ட்ரியெஸ்தே பக்கம் வரமாட்டேன் என்று அவருக்கு மூன்றாவது முறையாக எழுத வேண்டும், உடனே எழுதினால்தான் உண்டு. அதனால் இதோடு முடிக்கிறேன்.


புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து,
தற்போதைக்கு இத்தாலி